துறைமுக ஊருக்கு இருவராக ஒரு நாள்: கப்பல் பார்க்கப் போகிறவர்களுக்கு

சரக்குத் துறைமுகம் பார்க்கப் போகும் தம்பதிகள் வெறுங்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு முதல் காரணம், தங்கள் வசதிக்கு நேரம் குறித்துக்கொள்வது. அங்கே நேரம் குறிப்பது கப்பலும் ஓதமும் (கடல்நீர் ஏறி இறங்குவது). ஆழம் போதாத துறைகளில் நிறைபாரக் கப்பலை நீரேற்றத்தை ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். பெரும்பாலான கடற்கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்றைய ஏற்ற நேரத்தோடு ஏறக்குறைய 50 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல் பார்க்கும் செயலிகளில் கப்பலின் இடமும் வேகமும் கருவியிலிருந்தே வருபவை, நம்பலாம். 'வந்து சேரும் நேரம்' அப்படியல்ல. அது கப்பலில் உள்ளவர் கையால் பதிவது. போன பயணத்தின் நேரமே மாற்றாமல் கிடப்பதுண்டு. போதாததற்கு, கப்பல் அதை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் அனுப்பும். செயலி உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம்விட நம்பகமான அடையாளம் பைலட் படகு, அதாவது கப்பலுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டுபவரை ஏற்றிச் செல்லும் படகு. அது துறையை விட்டு வெளியே கிளம்பினால் கப்பல் நகரப்போகிறது என்று பொருள். கம்பத்தை ஒட்டி வெள்ளையும் வெளிப்பாதி சிவப்புமான கொடி ஏறியிருந்தால் பைலட் கப்பலில் இருக்கிறார்.

⁂

நேரத்தைப் போலவே நிற்கும் இடமும் முக்கியம். கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் உரிய ஐஎஸ்பிஎஸ் எனும் சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தவை. அதனால் துறைமுக வேலிக்கு உள்ளே வேடிக்கை பார்க்க இடமில்லை. வேலிக்கு வெளியிலும் படம் எடுக்குமுன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அலைதடுப்புச் சுவரில் ஏறுமுன் கால் மணி நேரம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் விட்டுவிட்டு வரும். கல் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே தண்ணீர் ஏறுகிறது, பாசியும் வழுக்கும். பெரிய கப்பல் கடந்து போனதும் உடனே தண்ணீருக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள். அது கிளப்பிய அலை பிந்தித்தான் கரைக்கு வரும். கப்பலைக் கட்டிய வடத்தின் நேர்க்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். செயற்கை நார் வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும், விலக நேரமே இருக்காது. கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் ஒருவர் பைனாகுலரில் பார்க்கும்போது மற்றவரின் கண் சாலையில் இருக்கட்டும்.

⁂

பைனாகுலர் 7x50 (ஏழு மடங்கு பெரிதாக்குவது) போதும். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கத்தில் எழுத்தே படிக்க முடியாது.

அதை வைத்துச் செய்ய அருமையான வேலை ஒன்று உண்டு. கப்பலின் முன்னும் பின்னும் நீர்மட்டத்தருகே எண்கள் எழுதியிருக்கும். மீட்டர் கணக்கில் உள்ளவற்றில் ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம். எண்ணின் அடியைத் தண்ணீர் தொட்டால் அந்த அளவு, தலையைத் தொட்டால் அதற்கு மேல் 10 செ.மீ. 8 மீட்டருக்கு மேலுள்ள 4-இன் அடியில் தண்ணீர் என்றால் கப்பல் 8.4 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. ஒருவர் படிக்க, மற்றவர் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி படித்தால் எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபடும். கரைச்சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தப்பாகிவிடும். ஓதம் ஏறினாலே கப்பல் உயரும், சரக்கு ஒரு மூட்டைகூட இறங்கியிருக்காது.