கடைசியாகப் பேச்சு நடந்தது மேலே வரவேண்டும்: இந்த ஒரு குவெரியில் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் புகார்களுக்கான ஒரு அப்ளிகேஷன். எந்தப் புகாரில் கடைசியாகப் பதில் வந்ததோ அது பட்டியலில் முதலில் நிற்கவேண்டும், எனக்கு வந்த வேலை அவ்வளவுதான். டேட்டாபேஸில் புகாருக்கு ஒரு டேபிள், பதில்களுக்கு ஒரு டேபிள். குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை, இப்படி எழுதினேன். இரண்டையும் ஜாயின் செய்து (இணைத்து), புகார் எண்ணை வைத்து குரூப் பை போட்டு (ஒரு புகாரின் வரிகளை ஒரே குழுவாக்கி), பதில் நேரத்துக்கு மேக்ஸ் (ஆகப் பிந்தியது) எடுத்து, அதையே வரிசைப்படுத்தும் ஆர்டர் பையில் டெசென்டிங்காக, புதியது முதலில் வரும்படி கொடுத்தேன். பட்டியல் சரியாக வந்தது. சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த புகார் எல்லாவற்றுக்கும் நானே பதிலும் எழுதியிருந்ததால் குறை ஒன்றும் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் போன் செய்து, புகார் கொடுத்துப் பத்து நாளாகிறது, என்ன ஏது என்று யாரும் கேட்கவே இல்லையே என்றார். டேபிளில் தேடினால் அவர் புகார் இருக்கிறது, திரையில் இல்லை. நான் போட்டிருந்தது இன்னர் ஜாயின். பதில் டேபிளில் ஒரு வரிகூட இல்லாத புகாருக்கு அங்கே ஜோடி கிடைக்காது, அதனால் பட்டியலுக்கே வராது. இதுவரை ஒருவரும் பதில் சொல்லாத புகார்கள், முதலில் பார்க்கவேண்டியவையே அவைதான், மொத்தமாக மறைந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 41. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருத்தம் என்னவோ சின்னதுதான். ஜோடி இல்லாத புகாரையும் விடாத லெஃப்ட் ஜாயினாக மாற்றி, மேக்ஸைச் சுற்றி ஒரு கோயலெஸ்: பதில் நேரம் இல்லையென்றால் புகார் பதிவான நேரத்தையே எடுத்துக்கொள்.

அப்புறம் கடைசியாகப் பதில் போட்டவர் பெயரும் வேண்டும் என்றார்கள். செலக்டில் பெயரைச் சேர்த்தேன். நேரம் கடைசிப் பதிலுடையது, பெயர் முதலில் எழுதியவருடையது. எங்கள் டேட்டாபேஸ் பழைய மைஎஸ்க்யூஎல், அது குரூப் பையில் இல்லாத ஃபீல்டுக்கு அந்தக் குழுவில் ஏதோ ஒரு வரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். அதன் 5.7 பதிப்பு முதல் இதற்குத் தடை இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது, எரர் வரும். வரட்டும், தப்பான பெயரை நம்பிக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பதிப்பு 8.0 ஆனதும் ரோ நம்பரை பார்ட்டிஷன் பையோடு போட்டு (ஒவ்வொரு புகாரின் பதில்களுக்கும் தனித்தனியாக, புதியது முதலாக 1, 2, 3 என்று எண் கொடுக்கும்), ஒவ்வொரு புகாரிலும் 1 என்று வரும் வரியை மட்டும் எடுத்தேன். நேரமும் பெயரும் ஒரே வரியிலிருந்து வருகின்றன.

உங்களுக்கு என்ன நடந்தது?

மறுமொழி 1
உங்களைப் போலவே லெஃப்ட் ஜாயின் வரை வந்தேன், கோயலெஸ் போடவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் டெசென்டிங் என்றால் நல் (மதிப்பே இல்லாத இடம்) எல்லாம் கடைசியில் போய்விடும், ஒருவரும் கவனிக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறிய அன்று காலையில் பார்த்தால் பதிலே வராத பழையவை எல்லாம் உச்சியில் உட்கார்ந்திருந்தன, ஏனென்றால் அங்கே டெசென்டிங்கில் நல்தான் முதலில் வரும். நல்ஸ் லாஸ்ட் என்று சேர்த்தால் கீழே போகும், ஆனால் எனக்கும் கடைசியில் கோயலெஸ்தான் சரிப்பட்டது. பதில்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தபின் ஒவ்வொரு தடவையும் மேக்ஸ் எடுப்பது தாங்கவில்லை. கடைசிப் பேச்சு நேரத்தைப் புகார் டேபிளிலேயே ஒரு ஃபீல்டாக வைத்து இண்டெக்ஸ் (முன்கூட்டியே வரிசையாக வைத்திருக்கும் தேடுபட்டியல்) போட்டேன். முதல் 20 வேண்டுமென்றால் இண்டெக்ஸின் கடைசி முனையிலிருந்து 20 எடுத்தால் போதும், மொத்தத்தையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

மறுமொழி 2
அந்த ஃபீல்டைத் தனியாக வையுங்கள், தயவுசெய்து. நான் ஏற்கனவே இருந்த 'அப்டேட்டட் அட்' ஃபீல்டையே பயன்படுத்தினேன். அந்த வரியில் எந்த ஃபீல்டு மாறினாலும் நேரம் தானாக மாறும்படி அமைத்திருந்தது, பார்வை எண்ணிக்கையும் அதே வரியில்தான். அதனால் ஒருவர் ஒரு பழைய புகாரைச் சும்மா திறந்து பார்த்தாலே அது மேலே ஏறிவிடும். எழுத்துப்பிழை திருத்தினாலும் ஏறும், வேறொருவர் பொறுப்புக்கு மாற்றினாலும் ஏறும். உண்மையிலேயே பதில் வந்தவை கீழே கீழே போயின. இப்போது பதிலைச் சேர்க்கும் அதே டிரான்சாக்‌ஷனில் மட்டும், இரண்டும் சேர்ந்தே நடக்கும்படி, அந்த நேரத்தை எழுதுகிறோம். எதைப் 'பேச்சு' என்று எண்ணுவது என்பதைக் குவெரி எழுதும்முன் ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மறுமொழி 3
சின்ன விஷயம் ஒன்று. இரண்டு புகாருக்கு ஒரே நொடி விழுந்தால் எது முதலில் என்று டேட்டாபேஸ் உறுதி தராது. எங்களுக்கு ஒரே புகார் 1ஆம் பக்கத்திலும் 2ஆம் பக்கத்திலும் வந்தது, இன்னொன்று எதிலுமே வரவில்லை. ஆர்டர் பையில் நேரத்துக்குப் பின்னால் புகார் எண்ணையும் சேர்த்தோம், நின்றது.

தொடங்கியவர்
மறுமொழி 1 நண்பரே, ஒரு சந்தேகம். கடைசிப் பதிலை யாராவது டெலீட் செய்தால் தனி ஃபீல்டில் பழைய நேரமே நிற்குமே, அந்த ஒரு புகாருக்கு மட்டும் மேக்ஸைத் திரும்ப எடுத்து எழுதுகிறீர்களா, இல்லை ராத்திரி மொத்தமாகச் சரிசெய்கிறீர்களா? நான் முதலாவதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எல்லாப் பதிலும் போய்விட்டால் பதிவான நேரத்துக்கே திரும்பும்படி.