மறு: லாங்கர்ஹான்ஸ் செல் – ‘ஆள்காட்டி’ என்று சொன்னால் என்ன?

> ‘தோல் காவல் செல்’ என்றே வைத்துவிடலாமே? கிராமச் செவிலியருக்கும் சட்டென்று புரியும்.

ஐயா, வணக்கம்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். மேலூர்ப் பக்கத்துச் செவிலியர்களுக்கான தொழுநோய்க் கையேட்டில், கிருமி வந்த புதிதில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்ற பக்கத்தில்தான் லாங்கர்ஹான்ஸ் செல் என்ற இந்தத் தோல் செல்லின் பெயர் வருகிறது. அங்கே காவல் என்று எழுதினால், இந்தச் செல்லே கிருமியை அடித்து விரட்டுகிறது என்று நினைப்பார்கள். அடிப்பது இதன் முக்கிய வேலை இல்லை. மேல்தோலில் கிளைகளைப் பரப்பிக்கொண்டு கிடக்கும்; கிருமியின் துணுக்கு சிக்கினால் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லிடம் ‘இதுதான் ஆள்’ என்று காட்டும். தொழுநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு நிறைய. அந்தக் கொழுப்பைக்கூட சிடி1ஏ என்ற புரதத்தில் ஏற்றிக் காட்ட இதற்குத் தெரியும்.

ஆளை அறிந்துகொண்ட டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சேதி சொல்லும் புரதத்தைச் சுரக்கும். அது, கிருமியை விழுங்கிச் செரிக்கும் விழுங்கு செல்லை (மேக்ரோஃபேஜ்) உசுப்பிவிட்டால் கிருமி சாகும். உசுப்பாவிட்டாலோ, அதே விழுங்கு செல்லுக்குள் கிருமி குடித்தனம் நடத்தும். காவல்காரன் வீட்டிலேயே திருடன் தங்குகிற நோய் இது. ஆகவே காவல் என்ற சொல்லை இந்தக் கையேட்டில் யாருக்குமே கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. ஒன்றிரண்டு தேமலோடு நிற்கும் வகையில் தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் நிறையத் தெரியும், உடலெங்கும் பரவும் வகையில் குறைந்துபோயிருக்கும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘கிளைச் செல்’ என்பது அழகான சொல். ஆனால் 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தங்கக் குளோரைடு சாயமேற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கிளைகளை வைத்தே இது நரம்புச் செல் என்று முடிவுகட்டினார். நரம்பைக் கெடுக்கும் நோயைப் பற்றிய கையேட்டில் அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு? சரி, அவர் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றால், பிளஸ் டூ படித்தவருக்குக் கணையத்து லாங்கர்ஹான்ஸ் திட்டுகளும் இன்சுலினும்தான் ஞாபகம் வரும். (அதையும் அவரே அடுத்த வருடம் கண்டு சொன்னார். பாவம், நம்மை இப்படி மாட்டிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.)

அதனால்தான் ‘ஆள்காட்டிச் செல்’ என்கிறேன். கண்மாய்க் கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக் குருவியை இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. காட்டிக்கொடுப்பவன் என்ற வாடை அடிக்கிறது என்று போன மடலில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். கிருமியைத்தானே காட்டிக்கொடுக்கிறது, கொடுக்கட்டுமே!

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. விழுங்கு செல், பி செல், அடித்தோலில் உள்ள வேறு கிளைச் செல்கள் எல்லாமே டி செல்லுக்கு ஆள் காட்டக்கூடியவை. ஆகவே ‘ஆள்காட்டிச் செல்’ மொத்தக் கூட்டத்துக்கும் பெயராக இருக்கட்டும். லாங்கர்ஹான்ஸ் செல்லை ‘மேல்தோல் ஆள்காட்டி’ என்போம். முதல் தடவை வரும்போது மட்டும் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடலாம்.

உயிரணு என்று மாற்றச் சொன்னவர்களுக்கு: பாடநூலில் செல் என்றுதான் இருக்கிறது, அதையே விட்டுவைத்திருக்கிறேன். ஆன்டிஜெனுக்கு (இப்படிக் காட்டப்படும் கிருமித் துணுக்குக்கு) தமிழில் என்ன செய்வது என்பதைத் தனி இழையில் ஆரம்பியுங்கள், இதில் கலந்தால் இரண்டுமே முடியாது.