மறு: ஹீட் சோக் – வெப்பத் தேக்கமா, வெப்பச் சுவறலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டர்போ (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வண்டிகளுக்கான பராமரிப்புக் கையேட்டுக்காக, 'ஹீட் சோக்' (heat soak), அதாவது அணைத்த பின்னும் சூடான பாகங்களின் வெப்பம் பக்கத்துப் பாகங்களில் ஏறுவது, என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. பதினைந்து மடல் தாண்டியும் முடியவில்லை. எல்லாரும் 'சோக்' என்ற சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசலாமே.

போன வாரம் என் வண்டியில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். சாலையில் ஓடும்போது எஞ்சினுக்குள் போகும் காற்று 41 டிகிரி. நிறுத்தி, அணைத்து, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 66. ஓடாத எஞ்சினில் சூடு எப்படி ஏறியது? ஓடும்போது முன்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, கூலன்ட் சுற்றுகிறது, ஃபேனும் இருக்கிறது. அணைத்ததும் இவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆனால் டர்பைன் கூடும் (டர்போவில் புகை பாயும் பகுதி) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (எஞ்சினின் புகையைத் திரட்டும் குழாய்) உடனே ஆறிவிடுமா? பெட்ரோல் எஞ்சினை நன்றாக விரட்டினால் அங்கே போகும் புகை 900 டிகிரியைத் தொடும். அந்த இரும்பு வாங்கி வைத்த சூடெல்லாம் இப்போதுதான் மெல்ல நகர்ந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் குழாய்களுக்கும் இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் பகுதி) இறங்குகிறது. பகலெல்லாம் காய்ந்த சுவர் ராத்திரியில் அனல் கக்குவது போலத்தான்.

நமக்கு வேண்டிய சொல் இந்த நகர்வைச் சொல்ல வேண்டும்.

> வெப்பத் தேக்கம் எளிமையானது, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நீர்த்தேக்கம் என்றால் நாமே வேண்டுமென்று தேக்கி வைப்பது. சூட்டைச் சேமித்துப் பிறகு பயன்படுத்தும் தொட்டிகளுக்கு 'வெப்பத் தேக்கம்' அப்படியே பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? பானெட்டுக்கடியில் காற்று நகராமல் புழுங்குவதைச் சொல்வதானால் 'வெக்கை' என்ற சொல்லே கையில் இருக்கிறது.

> சோக் = ஊறுதல். எனவே வெப்ப ஊறல்.

அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் 'ஊறல்' என்றதும் பலருக்கும் காவல்துறை பானை பானையாக உடைத்த செய்திதான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம். ஊற்று, ஊறுதல் எல்லாம் உள்ளிருந்து வெளியே சுரப்பதையும் குறிக்கும். இங்கே நடப்பது வெளியிலிருந்து உள்ளே போவது.

'வெப்ப உறிஞ்சல்' என்று எழுதிய நண்பருக்கு: உறிஞ்சுவதில் ஒரு முயற்சி இருக்கிறது. பாவம், அந்தக் குழாய் எதையும் உறிஞ்சவில்லை. பக்கத்தில் இருந்த குற்றத்துக்குச் சூடாகிறது.

என் பரிந்துரை வெப்பச் சுவறல். தண்ணீர் மண்ணில் சுவறியது என்கிறோம் அல்லவா? சத்தமில்லாமல், கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, இடைவெளி கிடைத்த பக்கமெல்லாம் இறங்குவது. வினையாகவும் நன்றாக நடக்கிறது: 'வண்டியை நிறுத்திய பின் குழாயில் வெப்பம் சுவறும்', 'சூடு சுவறிய இன்டர்கூலர்', 'எளிதில் சுவறாத பிளாஸ்டிக் குழாய்'. அலுமினியக் குழாய் பார்க்க அழகாக இருந்தாலும் இந்த விஷயத்தில் பிளாஸ்டிக்கிடம் தோற்கும். வினையாக மாறாத கலைச்சொல்லை மெக்கானிக் வாயில் எடுக்கமாட்டார்.

> சுவறுதல் என்றால் வற்றுதல் என்றும் பொருள் உண்டே?

உண்டு. மேலே பார்ப்பவருக்கு வற்றுகிறது, மண்ணுக்கு ஏறுகிறது. இங்கும் இரும்பு ஆற ஆறத்தான் குழாய் சுடுகிறது. இந்த இரட்டைப் பொருள் எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை.

சொல் சரியா என்று பார்க்க இன்னொரு சோதனை. வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் (உணரி) அதே குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் உடம்பே சூடாகிவிட்டால், உண்மையில் காற்று இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். என் 66-இல் எவ்வளவு காற்றினுடையது, எவ்வளவு சென்சாருடையது என்று பிரிக்க முடியாது. இதை 'உணரிச் சுவறல்' என்றால் விளக்கமே தேவையில்லை. 'உணரித் தேக்கம்' என்று சொல்லிப் பாருங்கள், பழுதாகி நின்றுபோன சென்சார் போல ஒலிக்கிறது. எண் மெய்யோ பொய்யோ, எஞ்சினின் கணினி அதை நம்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், வண்டி சோம்பும். மெய்யாகவே காற்று 30-இலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அதே அழுத்தத்தில் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். நகரத் தொடங்கிக் காற்று வேகமாக ஓடினால் சில நிமிடங்களில் எண் இறங்கிவிடும்.

அப்புறம், ஹீட் ஷீல்டுக்கு (சூட்டை மறைக்கும் தகடு) இந்த இழையில் வந்த பரிந்துரை, 'வெப்பக் கவசம்'. கவசம் உடம்போடு ஒட்டியது. இது ஒட்டக்கூடாது. டர்போவுக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல், பளபளப்பான முகம் சூட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தொட்டால் அதுவே சூட்டைக் கடத்தும். வெயிலுக்குத் தட்டி கட்டுகிறோமே, அதே வேலை. அனல் தட்டி என்பேன். டர்பைன் கூட்டின் மேல் இறுக்கிக் கட்டும் கண்ணாடி இழை உறைக்கு 'டர்போ போர்வை' இருக்கட்டும். ஒன்று தள்ளி நிற்பது, மற்றொன்று போர்த்துவது. வேறுபாடு பெயரிலேயே தெரிந்துவிட்டால் தவறாக மாட்டுவதும் குறையும்.

'டர்போ'வைத் தமிழாக்கும் வேலையை இந்த இழையில் தொடங்காதீர்கள், கும்பிடுகிறேன். கையேட்டின் நான்காம் பக்கத்துக்கு இப்படி ஒரு வரி போட்டிருக்கிறேன், திருத்துங்கள்:

"நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிறுத்திய வண்டியைச் சிறிது நேரத்தில் மீண்டும் எடுத்தால், வெப்பச் சுவறலால் முதல் சில நிமிடங்கள் இழுவை குறைந்திருக்கும், இது பழுது அன்று. அனல் தட்டி தளர்ந்து குழாயைத் தொடுகிறதா என்று மட்டும் பார்க்கவும்."

'இழுவை' அங்கே சரியா, 'இழுவிசை' வேண்டுமா?