குளிருக்குப் பாய்ச்சிய தண்ணீர்: பழைய புல்வெளிப் பாசனத் தடங்கள், நேரில் கண்டவர்களின் பகிர்வு

இங்கிலாந்து, சாலிஸ்பரியிலிருந்து

சாலிஸ்பரியிலிருந்து வார்மின்ஸ்டர் போகும் ரயில் வைலி ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. குளிர்கால மாலையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஆற்றங்கரை மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நிலம் முழுவதும் மேடும் பள்ளமுமாக வரிவரியாகத் தெரியும். பழைய உழவுத் தடம் என்று நினைத்துப் பலரும் கடந்துவிடுகிறார்கள். இறங்கி நடந்து பார்த்தால் வேறுபாடு புரியும். மேட்டின் உச்சியிலேயே ஒரு சிறு வாய்க்கால் ஓடிய பள்ளம் இருந்தால், அது தண்ணீர் பாய்ச்சுவதற்காகவே மனிதர் கட்டிய மேடு.

அப்படி ஒரு நிலத்தின் நடுவே, சுற்றிலும் துளித் தண்ணீர்கூட இல்லாத இடத்தில், செங்கல்லால் கட்டிய மதகு ஒன்று நின்றது. இது ஏன் இங்கே என்று நிலத்துக்காரரிடம் கேட்டேன். முதியவர்; மாடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு, கைத்தடியால் தரையில் கோடு கிழித்தே விளக்கினார். ஆற்றை மறித்துத் தலைவாய்க்காலில் ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மேட்டின் உச்சிக்கும் கிளை பிரியும். உச்சியில் நிரம்பும் தண்ணீர் இரு பக்கச் சரிவிலும் மெல்லிய படலமாக வழிந்து, பள்ளத்து வடிகாலில் சேர்ந்து, மீண்டும் ஆற்றுக்கே போய்விடும். எந்த இடத்திலும் தேங்கக் கூடாது. தேங்கினால் புல் அழுகும். குதிரையின் துள்ளுநடையில் ஏறி, நாலுகால் பாய்ச்சலில் இறங்க வேண்டும் என்பது அந்த வேலைக்காரர்களின் வழக்கு.

மழை ஓயாத நாட்டில் எதற்குப் பாசனம்? எனக்கும் அதுதான் கேள்வி. விடை குளிரில் இருக்கிறது. இங்குள்ள ஆறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருபவை. ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி. வெளியே உறைபனி பெய்யும்போது அந்த நீரை நிலத்தின்மேல் ஓடவிட்டால் வேர் உறைவதில்லை. மற்ற வயல்களில் புல் தலைகாட்டும் முன்பே இங்கே மேய்ச்சல் தயாராகிவிடும். வைக்கோல் தீர்ந்து ஆடுகள் மெலியும் மார்ச் மாதத்தில் அந்தச் சில வாரங்கள்தான் பண்ணையின் உயிர்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த கட்டம். பகலில் இந்தப் புல்லை மேய்ந்த ஆடுகளை மாலையில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய்க் கிடை போடுவார்கள். சத்தில்லாத சுண்ணாம்பு மண்ணில் வாற்கோதுமை விளைந்தது அந்தக் கிடையால்தான். ஆற்று நீர் புல்லாகி, புல் எருவாகி, மலைச்சரிவில் தானியமானது. 17ஆம் நூற்றாண்டு முதல் இந்தப் பள்ளத்தாக்குகளின் வேளாண்மை இப்படித்தான் ஓடியது. கோடையில் மட்டும் ஆடுகளை இந்த ஈரநிலத்தில் விடமாட்டார்கள், ஈரல் புழு வந்துவிடும் என்று. அப்போது மாடுகள் மேயும்.

பிறகு செயற்கை உரம் வந்தது, கூலியாட்கள் குறைந்தார்கள், டிராக்டர் இந்த மேடுகளில் ஏறத் தடுமாறியது. பல இடங்களில் உழுது சமன் செய்துவிட்டார்கள். சில அங்குலச் சரிவைக் கண்ணாலேயே கணித்துக் கைமண்வெட்டியால் கட்டிய நிலம் அது. அதை அழித்த இடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்றும் தண்ணீர் பாய்வதைப் பார்க்க வேண்டுமானால் ஹார்னம் புல்வெளிக்குப் போங்கள். சாலிஸ்பரி பேராலயத்துக்கு எதிரே, நாடர் ஆற்றின் கிளைகளுக்கு நடுவே இருக்கிறது. ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

சுவிட்சர்லாந்து, லாங்கென்தாலிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் கிணற்றிலிருந்து இறைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்தவன் நான். தண்ணீர் என்றால் சொட்டுக் கணக்கு. இங்கே வந்த புதிதில், லாங்கெட்டே ஆற்றங்கரையில் ஒரு விவசாயி பலகையை இறக்கி ஆற்றையே புல்வெளிக்குள் திருப்பிவிட்டதைப் பார்த்துத் திகைத்து நின்றேன். வாய்க்கால் உடைந்துவிட்டது என்றே முதலில் எண்ணி அவருக்கு உதவ ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, பலகையை எந்த அளவுக்கு இறக்குவது என்று காட்டித் தந்தார்.

இங்கே காரணம் குளிர் மட்டும் அல்ல. ஆறு கொண்டுவரும் வண்டல்தான் உரம். இந்தப் பள்ளத்தாக்கில் இதை வளர்த்தெடுத்தவர்கள் 1194இல் நிறுவப்பட்ட சங்க்ட் உர்பான் மடத்தின் சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகள். வாய்க்காலோரம் வேலி மரங்கள், நடுவே வெறும் புல், அங்கங்கே சிறு மதகுகள் என்று அதன் அமைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. கடைகளில் உரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பல வயல்கள் மக்காச்சோளத்துக்கு மாறின. அங்கெல்லாம் மரவரிசை மட்டும் ஒரு காரணமும் இல்லாததுபோல வளைந்து வளைந்து போகும். அந்த வளைவைப் பின்பற்றி நடந்தால் பழைய வாய்க்காலின் வழி கிடைத்துவிடும்.

1992இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தொடர்ந்து தண்ணீர் பாய்ச்சும் நிலத்துக்காரர்களுக்கு இழப்பீடு தருகிறார்கள். இது பழமைப் பற்று மட்டும் இல்லை. புல்வெளியில் பரவும் நீர் சரளை மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. சுற்றுவட்டாரத்துக் குடிநீர் அதிலிருந்து வருகிறது. நாங்கள் குழாயைத் திறக்கும்போது வருவதில் அந்தப் புல்வெளியின் பங்கும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப்போய் இதைக் காட்டியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த மரபுப் பாசனத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரியா, பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளும் சேர்ந்து கேட்டுப் பெற்றது.

இத்தாலி, மிலானிலிருந்து

அதே துறவியர் சபையின் கியாரவல்லே மடம் மிலான் நகரின் தென்கோடியில் இருக்கிறது. படிக்க வந்த இடத்தில், நண்பர்களோடு சைக்கிளில் போனபோது பார்த்தேன். ஜனவரி மாதம், சுற்றிலும் வயல்கள் பழுப்பேறிக் கிடந்தன. மிலானைச் சுற்றியுள்ள லொம்பார்தி மாநிலத்தில் இப்படி நீர் பாய்ச்சும் புல்வெளியை மார்சிட்டா என்கிறார்கள். ஊற்றுக்கண்களிலிருந்து வரும் இளஞ்சூட்டு நீரைக் குளிர்காலம் முழுவதும் ஓடவிட்டு, பனிக்காலத்திலேயே மாட்டுக்குப் பசும்புல் அறுத்திருக்கிறார்கள். இப்போது மிகச் சில நிலங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. டிச்சினோ ஆற்றுப் பூங்காவுக்குள் சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நிலத்தின் சரிவு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் புல் அறுத்த பிறகு போவது நல்லது.

மீண்டும் சாலிஸ்பரியிலிருந்து

தம்பி சொன்ன மரவரிசை உத்தியை இங்கும் முயலலாம். இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து லேசர் மூலம் எடுத்த நில உயர வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. டெஸ்ட், இட்சென், ஏவன், வைலி ஆற்றோரங்களை அதில் பெரிதாக்கிப் பாருங்கள். கால்நடையாகப் போனால் புலப்படாத கிளை வாய்க்கால்கள்கூட இலை நரம்புபோல் எழுந்து தெரியும். பெரும்பாலானவை தனியார் நிலங்கள் என்பதால் பொதுப் பாதையை விட்டு இறங்கும் முன் அனுமதி கேளுங்கள். ஹாம்ப்ஷயரில் இருப்பவர்கள் வின்செஸ்டர் பக்கத்து இட்சென் கரையைப் பார்த்துவிட்டு எழுதினால், அங்கே எத்தனை மதகுகள் இன்னும் நிற்கின்றன என்று தெரிந்துகொள்வேன்.