கறுப்புப் புகை வராத டீசல் வான் சுத்தமானதா?

வான்காரன்:
யாழ். பஸ் நிலையத்தடியில் மூச்சு முட்டுவதற்கு டீசல் வான்கள்தான் காரணம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் என் ஹையேஸ் வான் இந்த வருடமும் புகைப் பரிசோதனையில் பாஸ். சைலன்சர் முனையில் வெள்ளைத் துணி பிடித்தாலும் கறுக்காது. புகை கக்கும் பழைய லொறிகளை விட்டுவிட்டு எங்களை ஏன் பிடிக்கிறீர்கள்?

கொக்குவிலான்:
அண்ணை, அந்த மெசின் பார்ப்பது புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதைத்தான். 50 நானோமீற்றருக்குக் (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்கள் அதில் அகப்படாது. அவற்றில் பெரும்பகுதி எஞ்சினுக்குள் துகளாக இருப்பதுமில்லை. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, அதில் ஒரு சிறு பங்கு நீராவியோடு சேர்ந்து சல்பூரிக் அமிலமாகிறது. குழாய்ச் சூட்டில் அது வாயு. வெளிக்காற்றில் கலந்து குளிர்ந்ததும் நொடிப்பொழுதில் நுண்துளிகளாகக் கட்டிவிடும். எரியாத டீசல் ஆவியும் ஒயில் ஆவியும் அதன்மேல் படிந்து பருக்க வைக்கும். கொதிக்கிற கேத்திலைப் பாருங்கள்: மூக்கு நுனியில் ஒன்றும் தெரியாது, இரண்டு விரல் தள்ளித்தான் வெண்மை தொடங்கும்.

தீவகத்தான்:
வாடைக்காற்றோடு இந்தியாவிலிருந்து வருவதை ஏன் பேசுவதில்லை? 2022 டிசம்பரில் காற்று மோசமென்று பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அப்போது தட்டுப்பாட்டில் எங்களுக்கு டீசல் கியூஆர் கோட்டாவில், அளந்துதான் தந்தார்கள். ஓடாத வானா புகைத்தது?

கொக்குவிலான்:
சரி, நல்ல கேள்வி. ஆனால் அன்று அளந்தது காற்றிலுள்ள துகள்களின் மொத்த எடையை. நான் சொல்லும் துகள்களுக்கு எடையே இல்லை என்று சொல்லலாம், எண்ணித்தான் பார்க்கவேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வருவதற்குள் அவை பெரிய துகள்களோடு ஒட்டிவிடும். பஸ் நிலையத்தடியில் மூக்குக்குள் போவது அங்கேயே பிறந்தது. கடல் தாண்டி வருவதிலும் வாகனத்துக்குப் பங்குண்டு: நைதரசன் ஒட்சைட்டுகள் சில மணி நேரத்தில் நைத்திரிக் அமிலமாகி, அமோனியாவோடு சேர்ந்து நைத்திரேற்றுத் துகளாகின்றன.

மருந்துக்கடை:
டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே முதலாம் பிரிவில் போட்டுவிட்டது. வெள்ளைத் துணிக் கதை வேண்டாம்.

வான்காரன்:
அப்போ நான் என்ன செய்ய? எஞ்சினைக் கழற்றி எறியவா?

கொக்குவிலான்:
சூப்பர் டீசலில் சாதாரண ஓட்டோ டீசலைவிடக் கந்தகம் குறைவு, அந்தத் துளிகளும் குறையும். கரியை மட்டும் குறைத்தால் போதாது. படிவதற்குக் கரி இல்லாவிட்டால் ஆவி தானே புதிதாகத் துளி கட்டும், எண்ணிக்கை ஏறவும் கூடும். ஐரோப்பாவில் 2011இலிருந்து புதிய மாடல் டீசல் கார்களுக்குக் கிலோமீற்றருக்கு 60,000 கோடி துகள் என்று எண்ணிக்கைக்கே எல்லை வைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் கரி போன்ற திடத் துகள்கள்தான், இந்த ஆவித் துளிகள் சேராது.

வான்காரன்:
சூப்பர் டீசலுக்கும் ஓட்டோ டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நீங்களா தருவீர்கள்? நூறு ரூபாய் கூட்டினாலே பிள்ளைகளின் தாய்மார் வேறு வான் பார்க்கிறார்கள்.

மருந்துக்கடை:
பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தலாமே, அதற்குக் காசில்லை.

வான்காரன்:
ஏசியைப் போடு என்று கத்துவதும் அதே தாய்மார்தான், தங்கச்சி.