நாலு கோழி வாங்கிட்டேன், இங்கிலாந்துல ரெஜிஸ்டர் பண்ணணுமா? சோறு போடக் கூடாதாமே?

ரெடிங்வாசி:
வணக்கம், ரெடிங்ல சொந்த வீடு, பின்னாடி சின்ன தோட்டம். மூணு வாரம் முன்னாடி முட்டைக்கோழி நாலு வாங்கி மரக்கூண்டு வச்சு விட்டிருக்கோம், சேவல் கிடையாது. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்து பதிவு பண்ணிட்டீங்களான்னு கேட்டாரு, நாலே நாலு கோழிக்கு எதுக்குப் பதிவு? மிச்ச சோறு போடறதப் பாத்துட்டு அது சட்டப்படி தப்புன்னு வேற சொல்லிட்டுப் போனாரு. ஊர்ல அம்மா காலைல பழைய சோத்தத் தவிட்டோட பிசைஞ்சு வச்சா எல்லாம் ஓடி வரும், அதப் பாத்து வளந்தவ நான். பயமா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தோட்டக்காரன்:
பயப்படாதீங்க, இன்னும் டைம் இருக்கு. முன்னாடி 50 பறவை இருந்தாத்தான் கட்டாயம், 2024 அக்டோபர் 1லேந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல ஒரே ஒரு கோழி வச்சிருந்தாலும் பதிவு பண்ணியே ஆகணும். வாங்கின ஒரு மாசத்துக்குள்ள ஏபிஎச்ஏ (கால்நடை, தாவர நலத்தப் பாக்கற அரசு அமைப்பு) கிட்ட பண்ணிடுங்க, காசு கிடையாது. பறவைக்காய்ச்சல் வந்தா சுத்துவட்டாரத்துல யார் வீட்டுல கோழி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான். ஈமெயில் கண்டிப்பா குடுங்க, கோழிய அடைச்சே வைக்கணும்னு ஆர்டர் போட்டா தகவல் வரும், அப்ப காட்டுப்பறவை எச்சம் உள்ள விழாதமாதிரி கூரை போடணும்.

ஹாரோ அக்கா:
தங்கச்சி, சோத்து விசயத்தில அவர் சொன்னது சரிதான். குசினிக்குள்ள போய் வந்த எதையும் இங்க கோழிக்குக் குடுக்கக் கூடாது, கரட் தோல் கூட. நாங்கள் சைவம் எண்டாலும் விடமாட்டினம், பால் தயிர் ஒண்டும் புழங்காத முழு வீகன் வீடெண்டாத்தான் விலக்கு. 2001இல கால்-வாய் நோய் வந்து 60 லட்சத்துக்கு மேல ஆடு மாடு பண்டியை அழிச்சவை, அது சரியாச் சூடாக்காத கழிவுச் சாப்பாட்டைப் பண்டிக்குப் போட்ட இடத்தில தொடங்கினது எண்டுதான் கண்டுபிடிச்சவை, அதாலதான் இவ்வளவு இறுக்கம். நான் லேயர்ஸ் பெல்லட்தான், முட்டைக்கோழிக்கெண்டு கடையில விக்கிற தீவனம், போடுறன். தோட்டத்தில பிடுங்கின கீரையை வீட்டுக்குள்ள கொண்டு போகாம நேரா போடுங்கோ, அது பிரச்சினை இல்லை.

ரெடிங்வாசி:
ரொம்ப நன்றிக்கா. கரட் தோல் கூடன்னு சொன்னதும் திக்குனு ஆயிடுச்சு, தினமும் அதான் போட்டுட்டு இருந்தேன். கூண்டுக்கு கவுன்சில் பெர்மிஷன் வேணுமா?

தோட்டக்காரன்:
சின்னக் கூண்டுக்குப் பொதுவா பிளானிங் பெர்மிஷன் தேவைப்படாது, ஆனா வீட்டுப் பத்திரத்த எடுத்து ஒருதடவ முழுசாப் படிங்க, சில வீடுகள்ல கோழி வளக்கக் கூடாதுன்னே ஒரு வரி போட்டிருப்பாங்க, நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். சேவல் வாங்கிடாதீங்க, விடியக்காலைல கூவினா கவுன்சில்ல புகார் போகும், 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரலாம். அப்புறம் கோழி செத்தா தோட்டத்துல புதைக்கக் கூடாது, கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க.

ரெடிங்வாசி:
பதிவு பண்ணியாச்சு, பத்திரத்துலயும் அப்படி வரி இல்ல. இன்னைக்குக் காலைல கிச்சன் கதவத் திறந்ததும் அந்தச் செவலக் கோழி படியேறி வந்து என் கையையே பாத்துட்டு நின்னுது, மனசே கேக்கல. வெளிய தோட்டத்துத் தொட்டியில இருந்த வெந்தயக்கீரையக் கிள்ளிப் போட்டேன், கொத்திட்டுப் போச்சு.