ஜெர்மனி போக நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

மார்த்தாண்டம்: பி.எஸ்சி. நர்சிங் முடித்து 4 வருடமாக ஐசியூவில் இருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். சம்பளத்தை விட்டுவிடப் பயமாக இருக்கிறது. நைட் டூட்டியோடு ஜெர்மன் மொழியில் பி2 (மேல் இடைநிலை) தேர்வை முடிக்க முடியுமா?

தக்கலை, இப்போது மியூனிக்: மக்களே, வேலையை விடாதே. ஜெர்மன் மொழி சொல்லித்தரும் கதே நிறுவனத்தின் பி2 தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என 4 பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும்; தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். எனக்குக் கேட்புதான் காலை வாரியது. பஸ்ஸில் தினமும் ஜெர்மன் ரேடியோ கேட்டுத்தான் தேறினேன்.

நாகர்கோவில்: ஏஜென்சிக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே. என் தங்கை கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை.

மார்த்தாண்டம்: சரிக்கா. இன்று டூட்டிக்குப் போகும்போதே ரேடியோ கேட்க ஆரம்பிக்கிறேன்.